எல்லையோரம் நின்ற நான்கு மரங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருவாரூர் மாவட்டத்தில், மன்னார்குடிப் பக்கம் உள்ள ஒரு குடியிருப்பில் 2023, 2024ஆம் ஆண்டுகளில் நடந்த அண்டை வீட்டு மரத் தகராறு இது. இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவின் பட்டியல் வழக்கறிஞராக இரு தரப்புடனும் உட்கார்ந்து பேசும் வேலை எனக்குத் தரப்பட்டது. இரு குடும்பங்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தரக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். மனு கொடுத்தவரை மனுதாரர் என்றும், மரங்களுக்குச் சொந்தக்காரரான பெரியவரை மூதாட்டி என்றும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

மனுதாரர் அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர். சுமார் 20 குழி மனையில் மாடி வீடு கட்டி, மனைவி, மகன், மருமகள், பேரக்குழந்தையோடு இருக்கிறார். மேற்கே அடுத்த மனை மூதாட்டியுடையது. பழைய ஓட்டு வீடு, பின்னால் நீண்ட கொல்லை. கணவர் இல்லை. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். மூதாட்டி தனியாகத்தான் இருக்கிறார்.

எல்லையை ஒட்டி மூதாட்டியின் கொல்லையில் நான்கு மரங்கள் நின்றன. ஒரு பெரிய வேம்பு. மனுதாரரின் வீட்டுப் பக்கம் சாய்ந்து வளர்ந்த ஒரு தென்னை. அதற்குச் சில அடி தள்ளி நேராக நின்ற இன்னொரு தென்னை. மூலையில் ஓர் ஒதியன். இந்த மரங்கள் யார் வீட்டுக்கும் புதியவை அல்ல. மனுதாரர் மனை வாங்கி வீடு கட்டியபோதே வேம்பு ஆளுயரத்துக்கு மேல் இருந்தது.

இந்தத் தகராறின் வேர் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலில் இருக்கிறது. அந்த இரவில் மூதாட்டியின் கொல்லையில் 11 தென்னைகள் விழுந்தன. அவற்றில் ஒன்று மதிலைத் தாண்டி மனுதாரரின் சமையல் கொட்டகை மேல் விழுந்தது. ஆள் சேதம் இல்லை. மனுதாரர் அந்த இரவிலிருந்து எடுத்துக்கொண்டது, எல்லையோரம் தென்னை நிற்கக் கூடாது என்பது. மூதாட்டி எடுத்துக்கொண்டது, மிஞ்சிய இரண்டையாவது காப்பாற்ற வேண்டும் என்பது. அந்த ஒரே இரவு இருவரையும் எதிரெதிர் பக்கமாகத் தள்ளியிருந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் தகராறைத் தொட்டால் எதுவும் நகராது என்பது முதல் சந்திப்பிலேயே தெரிந்தது.

மனு வந்தது எப்படி

அடுத்த சில ஆண்டுகள் சில்லறைச் சண்டைகளாகவே போயின. வேப்பிலைச் சருகு மாடியில் குவிந்து மழைநீர்க் குழாயை அடைத்தது. காய்ந்த மட்டைகள் வாசலில் விழுந்தன. ஒதியன் கிளை ஒன்று ஆடிக் காற்றில் முறிந்து துணிக்கொடியை அறுத்தது. ஒவ்வொரு முறையும் மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம், அந்தப் பக்கமிருந்து ஒரு பதில்.

2023 மே மாதக் கடைசியில் சாய்ந்த தென்னையிலிருந்து ஒரு நெற்று, வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. பேரக்குழந்தை பக்கத்தில்தான் விளையாடிக்கொண்டிருந்தது. மறுநாளே மனுதாரர் காவல் நிலையம் போனார். மனு ரசீது கொடுத்து இருவரையும் கூப்பிட்டுப் பேசியவர்கள், இது உரிமையியல் தகராறு, நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டதையே மூதாட்டி பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார். அதற்கு முன்னால் "தம்பி", "அக்கா" என்று ஏசிக்கொண்டாவது பேசியவர்கள், அதன்பின் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் இறுதியில் மனுதாரர் சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்றைக் கொடுத்தார். நான்கு மரங்களையும் அடியோடு அகற்ற வேண்டும், மதில் விரிசலுக்கு நட்ட ஈடு வேண்டும் என்பவை அவர் கோரிக்கைகள். இந்த மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்புக்கு அழைப்பு போகும். வந்து பேசி உடன்பட்டால் மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகும். உடன்படாவிட்டால் வழக்குப் போடும் உரிமை அப்படியே இருக்கும்.

மூதாட்டி முதல் தேதியில் வரவில்லை. இரண்டாவது தேதிக்கு மகனோடு வந்தார். அவருக்கு வழக்கறிஞர் இல்லை என்பதை முதலில் கவனித்தோம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதைச் சொல்லி, அவருக்காகப் பேச வேறொரு பட்டியல் வழக்கறிஞரைக் குழு நியமித்தது. ஒருவருக்கு விவரம் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் எழுதப்படும் சமரசம் நிலைப்பதில்லை. அதனால் இதை ஒரு சடங்காக நினைக்கவில்லை.

நேரில் பார்த்தவை

பேச்சைத் தொடங்குமுன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு அனுமதி பெற்றேன். ஜூலை நடுவில் ஒரு காலையில் இரு தரப்பு வழக்கறிஞர்களும், மூதாட்டிக்கு வழக்கமாகத் தேங்காய் பறிக்கும் மரமேறியும், மனுதாரருக்குத் தெரிந்த ஒரு கட்டடப் பொறியாளரும் வந்தார்கள். மரமேறியைக் கூப்பிட்டது மூதாட்டியின் மகன். அந்தக் காலையில் எல்லாரையும்விட அதிகம் பயன்பட்டவர் அவர்தான்.

சாய்ந்த தென்னையை முதலில் பார்த்தோம். மனுதாரரின் பயம் முழுவதும் அதன் மேல்தான். அடியில் மண் பிளக்கவில்லை, மேலெழவும் இல்லை. சல்லிவேர்கள் மண்ணைப் பிடித்திருந்தன. தண்டின் கீழ்ப்பாதி சாய்ந்திருந்தாலும் மேல்பாதி வளைந்து நேராக மேலே போயிருந்தது. வெளிச்சம் தேடிச் சாய்ந்து வளர்ந்த மரத்தின் வடிவம் அது. காற்றில் பெயர்ந்து சாய்ந்த மரம் அடி முதல் நுனி வரை ஒரே கோட்டில் சாய்ந்திருக்கும், ஒரு பக்கம் வேர் தூக்கிக்கொண்டிருக்கும். மரமேறி அரிவாளின் பின்புறத்தால் தட்டிக் காட்டினார். கெட்டியான சத்தம். கஜாவிலும் நின்ற மரம் அது.

பிறகு பக்கத்தில் நேராக நின்ற தென்னைக்கு வந்தோம். அதைப் பற்றி மனுவில் ஒரு வரிதான் இருந்தது. தட்டினால் அடியில் பொள்ளென்ற ஓசை. அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்து காய்ந்த தடம், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு. கீழ்மட்டைகள் வாடித் தொங்கின. காய்கள் சிறுத்திருந்தன.

"இந்த மரத்துல நான் ஏறி நாலஞ்சு மாசம் ஆச்சு சார். ஏற மாட்டேன்" என்றார் மரமேறி.

"கூலி ஏத்திக் கேக்குறான்னுல நெனச்சேன்" என்றார் மூதாட்டி.

"கேட்டீங்கள்ல, அடி சரியில்ல ஆச்சின்னு சொன்னேன். நீங்க காதுல போட்டுக்கல."

இந்த அடையாளங்கள் டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்தவை. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சைக் கடலோரத்தில் முதலில் கவனிக்கப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் பெற்ற அடித்தண்டழுகல் நோய். கானோடெர்மா என்ற பூஞ்சாணம் வேரையும் அடித்தண்டையும் அழுகவைக்கிறது. மண் வழியாகவும் வேரோடு வேர் உரசியும் அடுத்த மரத்துக்குப் பரவும். சந்தேகத்தை உறுதி செய்ய வேளாண் துறை அலுவலரை வரவழைத்தோம். அவரும் அதையே சொன்னார். நோய் முற்றிவிட்டது, மருந்து கட்டிப் பலனில்லை, அகற்றிவிடுவதே நல்லது என்றார். சாய்ந்த தென்னைக்கு இன்னும் பரவியதாகத் தெரியவில்லை.

ஆக, எல்லாரும் பயந்த மரம் திடமாக நின்றது. யாரும் கண்டுகொள்ளாத மரம் அடியில் அழுகிக்கொண்டிருந்தது. இந்த ஆய்வை எழுத முக்கியக் காரணம் இதுதான். சாய்வு எல்லார் கண்ணிலும் படும், அழுகல் படாது. மனுவில் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பேசி முடித்திருந்தால் தவறான தென்னை விழுந்திருக்கும், ஆபத்தான தென்னை அடுத்த ஐப்பசிக் காற்றுக்குக் காத்திருந்திருக்கும்.

வேம்பு நல்ல உடல்நிலையில் இருந்தது. ஆனால் அதன் பெரிய கிளைகளில் இரண்டு மனுதாரரின் மாடிக்கு மேல் வந்திருந்தன. அவற்றில் ஒன்று அவர் வீட்டுக்கு வரும் மின்கம்பியை உரசியது. முன்பு யாரோ ஒரு கிளையைப் பாதியில் வெட்டி விட்ட இடத்தில் கொத்தாகத் துளிர்கள் கிளம்பிக் கனத்திருந்தன. இப்படி வெட்டுக் கட்டையிலிருந்து கிளம்பும் கிளைகளுக்கு மரத்தோடு உறுதியான பிடிப்பு இருக்காது. காற்றில் முதலில் முறிவது அவைதான்.

ஒதியனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒதி பெருத்தால் உத்திரமாகுமா என்று கேட்கிற ஊர் இது. மெத்தென்ற கட்டை, எளிதில் முறியும் கிளை. நட்டு வைத்தவரும் யாரும் இல்லை. வேலிப் போத்தாக ஊன்றியது தழைத்து மரமாகியிருந்தது.

மதில் விரிசலுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தோம். வேப்ப மரத்துக்கு நேராக இல்லாமல், நாலைந்து அடி தள்ளி, மனுதாரரின் சமையலறைக் கழிவுநீர் மண்ணில் விழும் இடத்தில் விரிசல் அகலமாக இருந்தது. பொறியாளர் மதிலடியில் இரண்டடி ஆழத்துக்குச் சோதனைக் குழி எடுக்கச் சொன்னார். கட்டைவிரல் பருமனில் வேப்ப வேர்கள் அடியில் ஓடியது உண்மை. ஆனால் அடித்தளம் ஆழமில்லாத வெறும் செங்கல் கட்டு. மண் களி. களிமண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். வேர் ஈரத்தை உறிஞ்சும்போது அந்தச் சுருக்கம் கூடும். ஓரிடத்தில் மட்டும் கழிவுநீர் ஊறினால் அங்கே உப்பி, பக்கத்தில் சுருங்கி, மதில் இரண்டுக்கும் நடுவில் கிழியும். எது எவ்வளவு என்று அன்றே சொல்ல முடியாது. விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் சிமெண்ட் பட்டை பூசி, தேதி எழுதி, மழை முடியும் வரை பார்ப்போம் என்றார்.

எல்லையை அளந்தபோது

மனுதாரர் மதிலையே எல்லையாக நினைத்திருந்தார். மூதாட்டியும் அப்படித்தான். எல்லைக் கற்களில் ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. மரம் யாருடையது என்பது அடிமரம் யார் நிலத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. எதுவரை வெட்டலாம் என்பதும் அதே கோட்டைப் பொறுத்தது. அதனால் அளவு இல்லாமல் மேலே போக வேண்டாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. மனுதாரர் நில அளவைக்கு விண்ணப்பித்தார். ஆகஸ்டில் நில அளவர், மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட நகலோடு வந்து அளந்தார்.

அளவு முடிந்தபோது சிக்கல் கூடியது. மதில் மனுதாரரின் எல்லைக்குள் ஏறக்குறைய ஓரடி உள்வாங்கிக் கட்டப்பட்டிருந்தது. அதாவது மதிலுக்கு அந்தப் பக்கமும் ஓரடி அகலத்துக்கு அவர் நிலம். வேம்பும் இரு தென்னைகளும் மூதாட்டியின் நிலத்திலேயே இருந்தன. ஒதியனின் அடிமரம் சரியாகக் கோட்டின் மேல் நின்றது.

தன் கொல்லையின் ஓரடி தன்னுடையதில்லை என்று கேட்டதும் மூதாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். மரம் வெட்டக் கேட்டு வந்தவர் நிலத்தையும் எடுக்கப் போகிறார் என்பது அவருடைய எண்ணம். இந்த ஓரடி விஷயம் இங்கேயே தீராவிட்டால் மரப் பேச்சே நடக்காது. மனுதாரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், அந்த ஓரடி உங்களுக்கு எதற்கு வேண்டும் என்று. ஒரு நாள் யோசித்துவிட்டு வந்தவர், கல் சரியான இடத்தில் நடப்பட்டால் போதும், மதிலை நகர்த்தப் போவதில்லை, அக்கா அங்கே கீரை போட்டுக்கொள்ளட்டும், ஆனால் மரம் வைக்க வேண்டாம் என்றார். இதை எழுத்திலும் தரத் தயார் என்றார். மனையின் ஓரடி என்பது இந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. அந்த வார்த்தையை நான் மிகவும் மதிக்கிறேன்.

எந்த வழிகள் இருந்தன, ஏன் அவற்றை விட்டோம்

மனுதாரரின் உறவினர்கள் நிறைய யோசனை சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பேசினோம்.

தன் பக்கம் வந்த கிளையைத் தானே வெட்டிக்கொள்வது முதல் யோசனை. அதற்கு உரிமை உண்டு. லெம்மன் எதிர் வெப் என்ற பழைய ஆங்கிலேய வழக்கில், அந்நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்ன கொள்கை அது. தன் நிலத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை, அடுத்தவர் நிலத்துக்குள் கால் வைக்காமல், எல்லைக் கோடு வரை வெட்டலாம். நம் நீதிமன்றங்களும் இதை ஏற்றிருக்கின்றன. எத்தனை ஆண்டு தொங்கினாலும் அப்படித் தொங்கும் உரிமை மரக்காரருக்கு வந்துவிடாது. வெட்டிய கிளையும் அதிலுள்ள காயும் மரக்காரருடையவை.

ஆனால் இந்த உரிமை நம் பிரச்சினைக்குப் பாதிதான் உதவும். தென்னைக்குக் கிளையே இல்லை. அதன் ஆபத்து அடிமரத்தில் இருக்கிறது, அடிமரம் கோட்டுக்கு அந்தப் பக்கம். வேம்பைக் கோட்டோடு நேராகச் சீவினால் ஒரு பக்கக் கனம் மொத்தமும் போய், மிச்சக் கனம் மூதாட்டியின் ஓட்டு வீட்டுப் பக்கம் சாயும். கிளையைக் கோட்டில் பாதியில் வெட்டுவதால் மறுபடியும் கொத்துத் துளிர் கிளம்பும். சரியான இடம் கிளை அடிமரத்தோடு சேரும் கழுத்து. அதுவும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. மரத்தைச் சரியாகக் கையாள அண்டை வீட்டாரின் சம்மதம் வேண்டும். சட்டம் தரும் உரிமை வேலியோடு நின்றுவிடுகிறது.

வேரை வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். அடிமரத்துக்கு அருகில் ஒரு பக்க வேரை வெட்டினால் மரம் நிற்கும் பிடி போய்விடும். கிளை விழும் பிரச்சினை மரமே விழும் பிரச்சினையாக மாறும்.

இரவில் அடிமரத்தில் துளை போட்டுப் பெருங்காயம் வைக்கும் யோசனையும் வந்தது. மனுதாரரே சொல்லிவிட்டு, சொன்னதற்குக் கூச்சப்பட்டார். பெருங்காயமோ அமிலமோ, அடுத்தவர் மரத்தைக் கொல்வது குற்றம். அதோடு பட்டுப்போய் நிற்கும் மரம் உயிருள்ள மரத்தைவிட ஆபத்தானது. கட்டை உலர்ந்து எந்தக் கிளை எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு. விழுந்து அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் ஏற்படுத்தக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்ற அவர் உத்தரவிடலாம். அப்போது அது குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. சருகு விழுகிறது, நிழல் விழுகிறது என்பதற்கெல்லாம் இந்தப் பிரிவு பொருந்தாது. நோய்ப்பட்ட தென்னைக்குப் பொருந்தும். மூதாட்டி சம்மதிக்காவிட்டால் அந்த ஒரு மரத்துக்கு மட்டும் இந்த வழியில் போவது என்று முடிவு செய்து ஒதுக்கிவைத்தோம்.

கடைசியாக உரிமையியல் வழக்கு. மரத்தை அகற்றச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை கேட்கலாம், வழக்கறிஞர் ஆணையர் வந்து பார்ப்பார், சாட்சி, குறுக்கு விசாரணை. அதற்குள் எத்தனை வடகிழக்குப் பருவமழை போகும் என்பதை மனுதாரரே கணக்குப் போட்டுப் பார்த்தார்.

பேச்சு

நான்கு மரத்தையும் ஒரே கேள்வியாக வைத்தால் வெட்டு, வெட்டாதே என்ற இரண்டு பதில்தான் வரும். அதனால் மரம் மரமாகப் பிரித்தோம். ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தாள். யாருடைய நிலம், என்ன நிலை, யாருக்கு என்ன பயம், யாருக்கு என்ன பயன்.

மூதாட்டியோடு பேசியபோது நோய்த் தென்னையில் தொடங்கினோம். மனுதாரரின் பயத்தைச் சொல்லவில்லை. அது பரவினால் அவருடைய மற்றத் தென்னையும் போகும் என்பதை வேளாண் அலுவலர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். மூதாட்டி நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"கஜாவுல பதினோரு மரம் போச்சு. இந்த ரெண்டும் நின்னுச்சேன்னு கெடந்தேன். இதையும் எடுத்துட்டா கொல்லை மொட்டையாயிடுமே தம்பி."

மொட்டையாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று அதன்பிறகுதான் பேசினோம். வேண்டாம் என்பதற்குப் பின்னால் இருந்தது நஷ்டக் கணக்கு மட்டுமில்லை. ஒவ்வொன்றாகப் பறிபோகிறதே என்ற துக்கம். மாற்றுக் கன்று வைப்பதை முதலில் எழுப்பியது மகன். மனுதாரர் கன்று வாங்கித் தருவதாகச் சொன்னபோது, வேண்டாம், கன்று நானே வாங்குகிறேன், வெட்டுக் கூலியை அவர் கொடுக்கட்டும் என்றார் மூதாட்டி. அந்தக் கணக்கு அவருக்குக் கௌரவமாக இருந்தது.

மனுதாரரோடு பேசியது இன்னும் கடினம். சாய்ந்த தென்னை திடமானது என்று பொறியாளரும் மரமேறியும் சொல்லியும் அவர் மனம் ஏற்கவில்லை. பேரக்குழந்தை விளையாடும் இடம் அது. மரம் விழாது என்பது சரி, காய் விழுமே என்றார். அது நியாயமான கேள்வி. நெற்றாகும்வரை காயை மரத்தில் விடுவதால்தான் அது விழுகிறது. 45 நாளுக்கு ஒருமுறை பறித்து, காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் இறக்கிவிட்டால் தானாக விழ அதிகம் மிஞ்சாது. நாளை புயல் வரும் என்று சொன்னால் இளநீரையும் இறக்கிவிடலாம், தலைக்கனம் குறையும். மூதாட்டி மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் பறித்துக்கொண்டிருந்தார், ஒரே மரத்துக்கு ஆள் வரமாட்டேன் என்கிறார்கள் என்பதால். மனுதாரரின் வீட்டில் முன்பக்கம் இரண்டு தென்னைகள் உண்டு. மூன்றையும் ஒரே நாளில் பறித்தால் ஆள் வருவார். இந்த எளிய ஏற்பாடு இத்தனை ஆண்டுகளில் நடக்காமல் போனதற்கு ஒரே காரணம், இருவரும் பேசாமல் இருந்ததுதான்.

உடன்பாடு

2023 செப்டம்பர் 9 அன்று நடந்த தேசிய மக்கள் நீதிமன்றத்தில் இது பதிவானது. அங்கே பதிவாகும் தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் இருவருக்கும் வாசித்துக் காட்டினோம்.

நோய்த் தென்னையை 15 நாளுக்குள் வேர்க்கட்டையோடு அகற்றுவது, கூலி மனுதாரருடையது, மரம் மூதாட்டியுடையது. சாய்ந்த தென்னை நிற்கும், 45 நாளுக்கு ஒருமுறை மனுதாரரின் தென்னைகளோடு சேர்த்துப் பறிக்கப்படும், பறிக்கிறவர் மனுதாரரின் வளாகத்தில் நிற்கவும் அவர் அனுமதிப்பார். தகரக் கொட்டகையை மனுதாரர் மரத்தின் நேர்க்கீழிலிருந்து மாற்றிக்கொள்வார். வேம்பின் இரு கிளைகளும் பழைய கொத்துத் துளிர்களும் கழுத்தோடு எடுக்கப்படும், தலையை மொட்டையடிக்கக் கூடாது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆகஸ்ட் செப்டம்பரில் மறுபடி பார்க்கப்படும், செலவு ஆளுக்குப் பாதி. ஒதியன் பொதுச் செலவில் போகும். எல்லைக் கல் நடப்படும், ஓரடி நிலம் மனுதாரருடையதாகவே இருக்கும், மூதாட்டி செடி வைத்துக்கொள்ளலாம், மரம் வைப்பதில்லை. புதுத் தென்னங்கன்றுகள் எல்லையிலிருந்து 12 அடி உள்ளே.

மதில் விரிசலுக்கு நட்ட ஈடு என்று எதுவும் எழுதவில்லை. மழை முடிந்து, சிமெண்ட் பட்டைகளைப் பார்த்தபின் ஜனவரியில் பேசுவது என்று மட்டும் எழுதினோம். காரணம் தெரியாத ஒன்றுக்கு அன்றே தொகை பேசியிருந்தால், யாராவது ஒருவர் ஏமாந்ததாக நினைத்திருப்பார்.

வெட்டிய நாள்கள்

நோய்த் தென்னையில் யாரும் ஏறி வடம் கட்ட முடியாது. பக்கத்து வேம்பில் ஏறி, அங்கிருந்து வடம் வீசிக் கட்டி, கொல்லைப் பக்கமாக இழுத்துப் பிடித்துச் சாய்த்தார்கள். அடி அறுபட்டபோது உள்ளே சோறு பழுப்பாகிப் பொடியாக உதிர்ந்தது. மனுதாரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்து, அழுகிய பகுதிகளை எரித்தார்கள்.

வேம்புக்கு மின்வாரியத்தில் சொல்லி, லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்தியபின் கிளை எடுத்தார்கள். பெரிய கிளைகளுக்கு முதலில் அடியில் பாதி அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துக் கனத்தை இறக்கி, கடைசியில் கழுத்தோடு கட்டையை எடுத்தார்கள். ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால் கிளை தன் கனத்தில் பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு இறங்கும். மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கவில்லை. விறகு மூதாட்டிக்கு. வேப்பந்தழையை மனுதாரரின் மனைவி நெல் குதிருக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பின் நடந்தது

அந்த ஆண்டு மழை முடிந்து ஜனவரியில் பார்த்தபோது, கழிவுநீர் விழுந்த இடத்துப் பட்டை மட்டும் நன்றாக வெடித்திருந்தது. வேம்புக்கு நேராக இருந்த பட்டையில் மயிரிழைக் கீறல். பொறியாளரின் கருத்தைக் கேட்டபின் மனுதாரர் நட்ட ஈட்டுக் கோரிக்கையைக் கைவிட்டார். கழிவுநீரைக் குழாயில் கொண்டுபோனார். வேர் குறுக்கிடும் இடத்தில் அடித்தளத்தைத் திறந்து, வேருக்கு மேலே இடைவெளி விட்டுச் சிறிய கான்கிரீட் உத்திரம் போட்டு அதன் மேல் மதிலைக் கட்டினார். வேர் பருத்தாலும் மதிலை முட்டாது.

மூதாட்டி இரண்டு கன்றுகள் வைத்தார். நோய் மரம் நின்ற குழியில் வைக்கவில்லை. சாய்ந்த தென்னைக்கு வேப்பம்புண்ணாக்கு வைத்துவருகிறார். நோய் அடையாளம் எதுவும் இதுவரை தெரியவில்லை.

பறிப்பு ஒழுங்காகவே நடந்தது என்று சொல்ல முடியாது. 2024 கோடையில் மரமேறி வேறு ஊருக்கு வேலைக்குப் போனதால் ஒரு முறை தவறியது. பழையபடி சத்தம் கேட்டது, ஆனால் நான்கு நாளில் மனுதாரரின் மகனே வேறு ஆளைக் கூட்டிவந்தார். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி டெல்டாவில் பெய்த கனமழையின்போது இளநீர் வரை இறக்கிவிட்டிருந்தார்கள். எந்தச் சேதமும் இல்லை. இருவரும் உறவு கொண்டாடும் அளவுக்கு நெருங்கிவிடவில்லை. பேசிக்கொள்கிறார்கள்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

நில அளவை மனு கொடுக்கும்முன்பே நடந்திருக்க வேண்டும். பேச்சு நடுவில் எல்லை மாறியதால் நம்பிக்கை மறுபடி அடியிலிருந்து கட்டவேண்டியிருந்தது. இப்போது மரத் தகராறு மனு வந்தால், மனு எழுதும் மேசையிலேயே புலப்பட நகலும் அடிமரம் தெரியும் படங்களும் கேட்கிறோம்.

காவல் நிலையத்துக்கு முன்னால் சட்டப் பணிகள் குழுவுக்கு வந்திருந்தால் அவமானம் என்ற சுமை சேர்ந்திருக்காது. குழந்தைக்கு ஆபத்து என்ற பதற்றத்தில் மனுதாரர் போனதைக் குறை சொல்ல முடியாது. இப்படிப்பட்ட மனுக்களை வழக்குக்கு முந்தைய பேச்சுக்கு அனுப்பலாம் என்று நிலையங்களில் தெரிந்திருந்தால் நல்லது.

வெளியூரில் இருக்கும் மகனை முதல் அழைப்பிலேயே சேர்த்திருக்கலாம். தனியாக இருக்கும் வயதானவர்கள் முடிவெடுக்கத் தயங்குவது பிடிவாதம் என்றே பல நேரம் பதிவாகிவிடுகிறது.

உடன்பாட்டில் பறிக்கும் ஆள் வராவிட்டால் யார் ஏற்பாடு செய்வது என்ற வரி இல்லை. அடுத்த உடன்பாடுகளில் அதைச் சேர்க்கிறோம். எத்தனை நாள் தாமதித்தால் மற்றவர் ஆளை வைத்துப் பறித்துக் காயைக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்பது வரை எழுதுகிறோம்.

மனை கை மாறினால் என்ன என்ற கேள்வியை மூதாட்டியின் மகன் பிறகு கேட்டார். தீர்ப்பின் சான்றிட்ட நகல் ஒன்றைக் கிரயப் பத்திரம், பட்டா, புலப்பட நகலோடு சேர்த்து வைக்கும்படியும், விற்கும்போது வாங்குகிறவருக்குக் காட்டிப் பத்திரத்தில் குறிப்பிடும்படியும் இரு வீட்டாருக்கும் சொல்லியிருக்கிறோம். வேம்பின் அடுத்த கவாத்துக்கு உடன்பாட்டின்படி குறித்த காலம் 2025 ஆகஸ்ட் செப்டம்பர்.